இருபத்துநாலு வீடும் ஒரு முழங்காலும்

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு மனிதன் மலைச்சாலையில் ஓடுகிறான் என்றால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். பின்னால் காட்டுமாடு வருகிறது. இல்லையென்றால் டாக்டர் சொல்லியிருக்கிறார். என் முதலாளி வசந்தகுமாருக்கு இரண்டாவது காரணம், சர்க்கரை. கட்டபெட்டுப் பக்கம் முதல் காரணமும் எப்போது வேண்டுமானாலும் வந்து சேர்ந்துகொள்ளும் என்பதால் நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போவேன். மாடு வந்தால் அவரை ஏற்றிக்கொண்டு பறப்பது என் பொறுப்பு. இதுவரை வரவில்லை. அவர் ஓடுகிற வேகத்தைப் பார்த்து அதற்கே பாவமாக இருந்திருக்கும்.

என் பெயர் மகாலட்சுமி. தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் பதினாறு வருஷம் போன் எடுத்தேன். ஃபேக்டரியை மூடினார்கள். கட்டபெட்டு பஜாரில் பேக்கரிக்கு மேலே வசந்தகுமார் துப்பறியும் ஆபீஸ் திறந்தபோது, அங்கே போன் எடுக்கச் சேர்ந்தேன். அங்கே போன் வருவதில்லை. அதனால் மற்ற வேலை எல்லாம் நான் பார்க்கிறேன்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்து, பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்து, கடைசியில் அதையே பிழைப்பாக்கிக்கொண்டவர். மனைவி தவறி நாலு வருஷமாகிறது. அதற்கப்புறம் மனிதர் எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கிறார். படிகள், மின்கம்பங்கள், டீக்கடையில் தொங்கும் பன் பாக்கெட்டுகள். எண்ணுவதை நிறுத்தினால் வீடு ஞாபகம் வந்துவிடும் போலிருக்கிறது. நான் கேட்டதில்லை. என் வீட்டிலும் ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான்.

அந்த நவம்பர் சனிக்கிழமை காலையில் எங்கள் கையில் ஒரு கேஸ் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மழையோடு மழையாக வந்தவள் சுகுணா. இருபத்தேழு வயது, திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆறு வருஷமாகத் தையல், லேடீஸ் ஹாஸ்டலில் வாசம். இரண்டு நாள் லீவில் அம்மாவைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். பெரிய பை, பாய்ச்சுருள், சிவப்பு பிளாஸ்டிக் வாளி, இத்தனையும் எங்கள் ஆபீஸ் தரையில் ஈரம் சொட்டிக்கொண்டு நின்றன. வசந்தகுமார் அவளைப் பார்த்ததைவிட வாளியை அதிகம் பார்த்தார். தரை நனைகிற கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் அம்மா கருப்பம்மா பக்கத்து எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவள். சின்ன வயதில் சிலோனிலிருந்து தாயோடு வந்து இறங்கியவள். புருஷன் இல்லை, ஒரே மகள். போன ஜூனில் ரிடையர் ஆனாள். ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் ஏழு மணிக்கு மகளுக்குப் போன் செய்து, லயத்தில், எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டில், சவுக்கியமாக இருப்பதாகச் சொல்வாள். மற்ற நாளெல்லாம் போன் அணைந்தே கிடக்கும். வெள்ளிக்கிழமை சுகுணா சொல்லாமல் கொள்ளாமல் வந்து லயத்துக் கதவைத் தட்டினால், திறந்தது யாரோ ஒரு வடநாட்டுக் குடும்பம். கருப்பம்மா ஜூலையிலேயே வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாளாம். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. நாலு மாதமாக இல்லாத வீட்டிலிருந்து அம்மா சவுக்கியம் சொல்லியிருக்கிறாள்.

ஸ்டேஷனில், வாராவாரம் போன் பேசுகிற ஆள் எப்படிக் காணாமல் போகும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சுகுணா அம்மாவை யாரோ பூட்டி வைத்துப் பேசச் சொல்கிறார்கள் என்று நடுங்கினாள். ஞாயிறு போனில் நேராகக் கேட்டால், பூட்டினவன் உஷாராகி இடத்தை மாற்றிவிடுவான் என்று பயந்தாள். அம்மாவை அடையாளம் சொல்லச் சொன்னபோது எஸ்டேட் அட்டையில் இருந்த படத்தைக் காட்டினாள். கூடவே, இரண்டு வருஷம் முன்பு பள்ளத்தில் விழுந்து வலது முட்டி போய்விட்டது, இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குவாள் என்றும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வசந்தகுமார் வாக்குக் கொடுத்தார். சாதாரணமாக அவர் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ராத்திரி சுகுணா என் வீட்டில் படுத்தாள். இரண்டாவது போர்வை தேட எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

சாலை வளைவுக்கு வந்ததும் வசந்தகுமார் நின்றார். தினமும் மூச்சு வாங்க நிற்கிற இடம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், சரிவில் புதிதாக முளைத்த அபார்ட்மெண்ட் அங்கிருந்து முழுசாகத் தெரியும். நாலு தளம், தளத்துக்கு ஆறு வீடு, முழுக்கக் கண்ணாடி. ஓக்மிஸ்ட் ரெசிடென்சி என்று தங்க எழுத்தில் பெயர். ஓக் மரம் ஒன்றுகூடக் கிடையாது, மிஸ்ட்டுக்கு மட்டும் குறைவில்லை.

“மேல இடது கோடில லைட்டு போட்டாச்சு,” என்றார். “டாண்ணு அஞ்சே முக்கால். நம்மள மாதிரி ஒரு ஆளு.”

ஒரு மாதமாகத் தினமும் இதைச் சொல்கிறார். முன்பின் தெரியாத யாரோ தான் எழுகிற நேரத்தில் எழுகிறான் என்பதில் அவருக்கு ஒரு ஆறுதல். ஒருநாள் அந்த ஜன்னலைப் பார்த்துக் கையைக்கூடத் தூக்கினார். நான் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

இன்றைக்கு அவர் மேற்கொண்டு ஓடவில்லை. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். மேல்தளத்தில் ஒவ்வொரு ஜன்னலாக வலப்பக்கம் வரைக்கும் வெளிச்சம் வந்தது. பிறகு நீண்ட இடைவெளி. அப்புறம் அடுத்த தளம்.

“பக்கத்து பக்கத்து ஊட்டுக்கு நடுவுல பதினஞ்சு எண்ணிக்கை. ஒரு மாடிக்கும் கீழ் மாடிக்கும் எம்பத்தஞ்சு. நேத்தும் இதே, முந்தாநேத்தும் இதே. இத்தனை குடும்பமும் வரிசையில நின்னா எந்திரிக்கும், மகா?”

“வெலிங்டன்ல இடம் பத்தலைன்னு பட்டாளத்தை இங்க குடி வச்சிருப்பாங்க, சார்.”

அவர் சிரிக்கவில்லை. “நல்ல காலுள்ள ஆளு ஒரு மாடி எறங்க இருபது எண்ணிக்கை போதுமுங்க. எம்பத்தஞ்சு ஆகுதுன்னா?”

எனக்கு உறைத்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினால் ஆகும். அந்தக் கட்டடத்தில் இருபத்துநாலு குடும்பம் கண் விழிக்கவில்லை. ஒரே ஒரு முழங்கால் மாடி மாடியாக இறங்கிக்கொண்டிருந்தது.

இருந்தாலும் தேயிலைக் காட்டில் முட்டி வலிக்காத பெண்பிள்ளை யார்? இதை மட்டும் நம்பிப் போய்க் கேட்டைத் தட்டினால் திறக்கிறவன் எங்களுக்குத்தான் வைத்தியம் பார்ப்பான். அதையும் சொன்னேன். சரி, கிட்டே போய்ப் பார்க்கலாம் என்றார். ஸ்கூட்டரில் ஏறினார். ஓட்டத்துக்கு அன்று அத்துடன் விடுமுறை.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தபோது எல்லா பால்கனியிலும் துணி தொங்கியது, ராத்திரிப் பனியில் நனைந்து கனத்துப்போய். இந்த மலையில் பொழுது சாய்ந்த பிறகு துணியை வெளியே விடுகிற பெண்பிள்ளை இல்லை. விட்டால் மூன்று நாளைக்குக் காயாது. நாலாம் நாள் நாறும். அதோடு மூன்றாம் தளத்தில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை தொங்கியது. புதன்கிழமை அதை முதல் தளத்தில் பார்த்த ஞாபகம் எனக்கு. ஒன்று, அந்தச் சட்டைக்காரன் வாரத்துக்கு இரண்டு வீடு மாறுகிறான். இல்லையென்றால் சட்டைக்காரனே கிடையாது.

வசந்தகுமார் துணியைப் பார்க்கவில்லை. வேலிக்கு உள்ளே அழகுக்காக வரிசையாக வைத்திருந்த தேயிலைச் செடிகளைக் காட்டி, அதில் என்ன தெரிகிறது என்று என்னைக் கேட்டார். பதினாறு வருஷம் ஃபேக்டரியில் கொழுந்து வந்து இறங்குவதைப் பார்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது. தோட்டக்காரன் கத்தரி போட்டிருந்தால் பாதி இலை வெட்டுப்பட்டு ஓரம் கருகியிருக்கும். இங்கே ஒரு இலைகூட வெட்டுப்படவில்லை. ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் கிள்ளி எடுத்திருந்தது. மேசை போல மட்டம். இந்தக் கோடியில் கிள்ளி ஒரு வாரம் இருக்கும், நடுவில் மூன்று நாள், அந்தக் கோடியில் நேற்று.

“அழகுக்கு வச்ச செடியில ஆரோ முறையா ரவுண்டு போயிட்டிருக்காங்க, சார்,” என்றேன்.

முப்பத்தெட்டு வருஷம் பறித்த கை. கொழுந்தைக் கண்டால் அது யார் பேச்சையும் கேட்காது. ஆள் இங்கேதான் இருக்கிறாள் என்பதில் எனக்கு அதற்கப்புறம் சந்தேகமே இல்லை.

பத்து மணிக்கு அவருடைய பழைய காரில் திரும்பி வந்தோம், வீடு வாங்க வந்த கணவன் மனைவியாக. இந்த வேஷத்துக்கு நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டேன், அவர் முகம் சவரம் செய்துகொண்டார். எனக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும், சாலையைத் தவிர எதையும் பார்க்காமல் ஓட்டினார். பின்சீட்டில் சுகுணா. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. கூப்பிடும்வரை காரைவிட்டு இறங்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே விட்டோம்.

வரவேற்றவன் அஸ்வந்த், பில்டரின் சேல்ஸ்மேன். கோயம்புத்தூர் வெயிலுக்குத் தைத்த சட்டையில் நடுங்கிக்கொண்டே, இருபத்துநாலில் இருபத்திரண்டு விற்றாகிவிட்டது, எல்லாம் டீசண்ட் ஃபேமிலி, சாயங்காலம் வந்து பார்த்தால் லைட்டும் டிவி சத்தமுமாகக் கல்யாண வீடு போல இருக்கும் என்றான். இப்போது ஏன் ஒரு சத்தமும் இல்லை என்று நான் கேட்டேன். எல்லோரும் பிரைவசி விரும்புகிறவர்களாம். ஒரு வீட்டிலாவது தாளிக்கிற வாசம் வர வேண்டாமா? பிரைவசியில் வதக்குவார்கள் போலிருக்கிறது. கதவுக்கு வெளியே எல்லா வீட்டிலும் செருப்பும் ஷூவும் ஜோடி ஜோடியாக இருந்தன. நவம்பர் மாதக் கட்டபெட்டில் ஒன்றின் அடியிலும் சேறு இல்லை.

மூன்றாம் தளத்து மாடல் வீட்டில் நான் சமையலறைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வராத வீட்டை எங்க பரம்பரையிலேயே வாங்கினதில்லை, மோட்டார் ஓடுவதைக் காட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு என்று கண்டிப்பாகச் சொன்னேன். அஸ்வந்த் பாவம், லிஃப்டில் கீழே இறங்கி ஓடினான்.

நாங்கள் இருவரும் படிக்கட்டுக்கு வந்து நின்றோம். மேலேயிருந்து சத்தம் கேட்டது. ஒரு காலடி, கொஞ்சம் தாமதித்து இன்னொன்று. பிறகு அடுத்த படி. வசந்தகுமாரின் உதடு அசைந்துகொண்டிருந்தது, எண்ணுகிறார்.  உயிரோடு இருக்கிறாள் என்று எனக்கு ஒரு நிம்மதி. எந்த நிலையில் இருக்கிறாளோ என்று அதைவிடப் பெரிய பயம்.

திருப்பத்தில் அவள் வந்தாள். எஸ்டேட் அட்டையில் பார்த்த அதே ஒட்டின கன்னம். ஆம்பளைக் கோட்டு, தலையில் துண்டு, தோளில் ஈரச்சட்டைகள். இடுப்பில் ஒரு கயிறு, அதில் சாவிகள். எங்களைப் பார்த்துத் திடுக்கிடுவாள் என்று நினைத்தேன். அவள் வசந்தகுமாரை உற்றுப் பார்த்தாள், தெரிந்தவரைப் பார்க்கிற மாதிரி.

“நீங்க ஓடுறவருதானே,” என்றாள்.

 அவளே சொன்னாள். கட்டடக் கம்பெனிக்காரர்கள் ஆறு மணிக்குத்தான் லைட் போடச் சொன்னார்களாம். அந்த நேரத்தில் அங்கே இவள் ஒருத்தி, பள்ளத்துக்கு அந்தப்பக்கம் ஸ்கூட்டர் வெளிச்சத்தில் ஓடுகிற இவர். வேறு மனித வாடை இல்லை.

“இருட்டுல ஓடுறாரே, ஒரு வெளக்காச்சும் தெரியட்டும்னு கால் மணி நேரம் முந்தியே போட்டுருவேன். ஒருக்கா கையக் காட்டுனீங்க. நானும் காட்டுனேன். பனில உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

வசந்தகுமார் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.  ஒரு மாதமாகத் தனக்குத் துணை இருந்த முழுக் கட்டடமும் இந்த ஒருத்திதான் என்பது எவருக்கும் எளிதாக இறங்குகிற விஷயம் இல்லை. பேச்சை நான்தான் எடுத்தேன். மகள் அனுப்பி வந்திருக்கிறோம் என்றேன். அவளை யார் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

கருப்பம்மா படியில் உட்கார்ந்து, இடுப்புக் கயிற்றை எடுத்துக் காட்டினாள்.

“இருவத்துநாலு ஊட்டுச் சாவியும் எங்கிட்டதான் இருக்கு. என்னைய ஆரு பூட்டுறது?”

அவளை யாரும் கடத்தவில்லை. ஒளிந்துகொண்டது அவளே, அதுவும் மகளிடமிருந்து.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ரிடையர் ஆகிறவள் பிள்ளைகளில் ஒருத்தரின் பெயரை வேலைக்குக் கொடுத்தால் லயத்து வீடு அந்தக் குடும்பத்தோடு இருக்கும். பெயர் கொடுக்க ஆள் இல்லையென்றால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கருப்பம்மாவை அழைத்து, பொண்ணு பேரைக் கொடு, இங்கேயே இருந்துகொள் என்று சொல்லியிருக்கிறார்கள். இவள் முடியாது என்று சொல்லிவிட்டு, வீட்டைப் பெருக்கி மெழுகிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்தச் சமயம் கிடைத்தது இந்த வேலை. விற்காத கட்டடத்தை ஆள் இருக்கிற மாதிரி காட்ட வேண்டும். காலையிலும் சாயங்காலமும் லைட், பால்கனியில் துணி, வாசலில் செருப்பு, பொழுது சாய்ந்தால் நாலைந்து வீட்டில் டிவி. லிஃப்டைத் தொடக்கூடாது, யார் கண்ணிலும் படக்கூடாது, யாராவது கேட்டால் இரண்டாம் தளத்து வீட்டு வேலைக்காரி என்று சொல்ல வேண்டும். நாலு மாதத்தில் யாரும் கேட்கவில்லை. இத்தனை வீட்டுச் சாவி வைத்திருக்கிறவள் படுப்பது கீழே மீட்டர் ரூமில்.

“மத்த நாள் டிவி பேசும், நான் கேப்பேன். ஞாயித்துக்கெழம மட்டும் நான் பேசுவேன், பிள்ளை கேக்கும்,” என்றாள்.

செடியைக் கிள்ளினதைக் கேட்டபோது, திருடி அகப்பட்ட மாதிரி முகம் சுருங்கியது. கொழுந்து முத்திப் போகிறது, பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா போவது என்றாள். வசந்தகுமார் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். மகளுக்குக் கொடுத்த வாக்கை அவர் மீறப் போவதில்லை. ஆனாலும் குரல் இறங்கியே வந்தது.

“பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே.”

“சொன்னா மறுநாளே வந்து நிப்பா. பேரக் குடுத்து ஊட்ட வாங்கி, என்னைய உள்ள ஒக்கார வச்சிட்டு அவ கூடையத் தூக்குவா. எங்கம்மா சிலோன்ல தூக்குனா. நான் இங்க தூக்குனேன். எம்பிள்ள நெழல்ல ஒக்காந்து மிசினு ஓட்டுது. அது போதும்.” அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “காணமுன்னு சொல்லிருங்க. செத்துட்டேன்னாலுஞ் சரி, அழுதுட்டுத் திருப்பூருக்குப் போயிரும்.”

இந்தக் கட்டத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சுகுணா சத்தியத்தைக் காற்றில் விட்டுவிட்டு இரண்டாம் தளத்துத் திருப்பத்தில் வந்து நின்றது எனக்கு அப்போதே தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். கருப்பம்மா இருந்த இடத்திலிருந்து அவளைப் பார்க்க முடியாது. நான் பார்த்தேன், சொல்லவில்லை. அம்மா பேசுவதை மகள் ஒரு தடவையாவது உண்மையாகக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

 வசந்தகுமார் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

“உங்க பொண்ணு லீவுல வரலீங்க. ரெண்டு நாள் லீவுக்கு வர்றவங்க ஹாஸ்டல் வாளியத் தூக்கிட்டு வரமாட்டாங்க.”

கருப்பம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. வாளியும் பாயும். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

சுகுணா மேலே ஏறி வந்தாள். அம்மாவும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. நாலு மாதப் பொய் நடுவில் இருந்தது. இரண்டு படி கீழேயே நின்று சுகுணா எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனியை ஆகஸ்டிலேயே மூடிவிட்டார்கள். வேறு இடத்தில் அன்றாடக் கூலிக்குத் தைத்தாள், அதுவும் தீபாவளியோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்ன ஓவர்டைம், புது சூப்பர்வைசர், ஹாஸ்டல் பிரியாணி எல்லாமே கட்டுக்கதை. அம்மா இங்கே இல்லாத வீட்டைப் பற்றிச் சொல்ல, மகள் அங்கே இல்லாத வேலையைப் பற்றிச் சொல்ல, இருவரும் வாராவாரம் சந்தோஷமாகப் போனை வைத்திருக்கிறார்கள்.

“ஊடு போனது நேத்துத்தான் தெரிஞ்சுதும்மா,” என்றாள் சுகுணா. “எஸ்டேட் ஆபீஸுக்குப் போனேன். ஆளு பத்தலை, இப்ப பேரு குடுத்தாலும் லயத்துல ஊடு தர்றம்னாங்க.”

கருப்பம்மா எழுந்தாள். முட்டி ஒத்துழைக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“குடுத்துட்டியா?”

“கையெழுத்துப் போட்டுட்டேன். உன்னையக் கண்டுபிடிச்சா கூட்டிட்டுப் போக எடம் வேணுமில்ல.”

கீழே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. வசந்தகுமார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.  ஆளைக் கண்டுபிடித்தாகிவிட்டது, வாக்குக் காப்பாற்றியாகிவிட்டது. எவனையாவது இழுத்துப் போட்டு அடிக்கலாம் போல இருந்தது, அடிக்க ஆள் யாரும் இல்லை.

“நான் அந்தப் பேர வெட்டிட்டு வந்தேன்,” என்றாள் கருப்பம்மா. “ஊடில்லாட்டியும் பரவாயில்லன்னு வெட்டிட்டு வந்தேன். நீ போயி எழுதிட்டு வந்து நிக்கிற.”

 அம்மா திட்டுவாள், அடிப்பாள் என்று சுகுணா எதிர்பார்த்து நின்ற மாதிரி இருந்தது. கருப்பம்மா எந்த டிவிசன் என்று கேட்டாள். கீழ் டிவிசன், திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற வரிசைக்கு, வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள் மகள். அங்கே முழுக்கப் பள்ளம் என்றாள் அம்மா. ஈரத்தில் செருப்புப் போடாதே, வெறுங்காலை ஊன்றி நில், மூட்டையைத் தலையில் வாங்கும்போது இடுப்பை வளைக்காதே. சொல்லிக்கொண்டே இரண்டு படி இறங்கினாள், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து.

மகளின் வலது கையை எடுத்து ஆள்காட்டி விரல் நுனியை அழுத்திப் பார்த்தாள். கட்டைவிரலையும் பார்த்தாள். ஆறு வருஷம் துணியைத் தள்ளின விரல், மெத்தென்று இருந்திருக்க வேண்டும். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அதன் ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள்.

“கொழுந்து கிள்ளக் கிள்ள ரெண்டே நாள்ல வெடிச்சிரும். இப்பிடிச் சுத்திக்கிட்டாத்தான் தாங்கும், பாத்துக்க,” என்றாள்.

விரலில் துணியைச் சுற்ற ஆரம்பித்தாள். மூன்றாவது சுற்றில் கை நின்றுவிட்டது. மகளின் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள்.